ஆகாச சூரன் தரைக்கு வந்த நாள்

விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போடுவதற்காகப் பேனாவைத் திறந்த அந்தப் பெண், இரண்டு நிமிஷம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"வேண்டாம் மேடம். எங்க வீட்டுக்காரர் குறட்டை மட்டும்தான் விடறார். அதோட நான் காலத்தை ஓட்டிக்கறேன்."

வக்கீலம்மா வாசல் வரைக்கும் போய்ச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். பக்கத்து அறையிலிருந்து அரை மணி நேரமாக இயந்திரத் துப்பாக்கி முழங்கிக்கொண்டிருந்தது. நடுநடுவே ஒரு ஆண் குரல், "விடாதே, வால்ல போடு, வால்லயே போடு" என்று யாரையோ ஏவிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட வீட்டில் வாழ்கிறவள் தனக்கு என்ன நல்ல வழி காட்டிவிடப் போகிறாள் என்று அந்தக் கட்சிக்காரிக்குத் தோன்றியிருந்தால் அதில் தப்பே இல்லை.

வக்கீலம்மாவுக்கு வீட்டில் ஆபீஸ் என்று தனியாக எதுவும் கிடையாது. சாப்பாட்டு மேஜைதான். ஒரு முனையில் வழக்குக் கட்டு, மறு முனையில் தண்ணீர் ஜக்கு, எதிரே ஃப்ரிட்ஜ். மனசு உடைந்து வருகிறவர்கள் அந்த ஃப்ரிட்ஜைப் பார்த்தபடிதான் அழவேண்டும். அது வேறு அவ்வப்போது உறுமும்.

வீட்டில் இன்னொரு அறை இருந்தது. ஜன்னல் உள்ள, காற்று வருகிற, கதவைச் சாத்திக்கொண்டு பேசக்கூடிய அறை. அதைத்தான் அவள் கணவர் பிடித்து வைத்திருந்தார்.

அவர் பல் டாக்டர். கைராசிக்காரர் என்று பெயர். இவள் கோர்ட்டில் வாய்தா கேட்கிறவள், அவர் க்ளினிக்கில் வாயைத் தா என்று கேட்கிறவர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், தான் வாய் திறக்க வழியில்லாமல் போவதாக அவருக்கு நீண்ட நாள் குறை. மூன்று வருஷத்துக்கு முன் கம்ப்யூட்டரில் விமானச் சண்டை விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். அதில் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். பேசினால் சுட்டுவிடலாம்.

அன்றிலிருந்து அந்த அறை போர்க்களமாகிவிட்டது. வளைத்து வைத்த மூன்று திரைகள். உடைத்த காரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து பலகையில் முடுக்கிய சீட். முழங்கால்களுக்கு நடுவே ஒரு பிடி, காலடியில் இரண்டு பெடல், தலையில் ஹெட்போன். விளையாட்டுக்குள் அவருக்கு ஆகாச சூரன் என்று பெயர். பல் டாக்டராக இருந்தவர் ஆகாயத்தில் பல்டி டாக்டர் ஆனார். இதுவரை வீழ்த்திய எதிரி விமானங்கள் நானூற்றுப் பன்னிரண்டு என்று சுவரில் வெள்ளைப் பலகை வைத்து எழுதியிருந்தார்.

அன்று வக்கீலம்மா கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

"என்னங்க. இந்த அறை எனக்கு வேணும்."

"இரு, பின்னாடி ஒருத்தன் வர்றான்."

"ஒருத்தி போயிட்டா. அதைச் சொல்லத்தான் வந்தேன். இந்த மாசத்துல இது மூணாவது ஆள். உங்க விளையாட்டால எனக்குத் தொழில் போகுது."

டாக்டர் ஹெட்போனைக் கழற்றினார். விளையாட்டு என்ற சொல் அவரைச் சுட்டுவிட்டது.

"விளையாட்டுன்னு சொல்லாதேம்மா. இது பயிற்சி."

"எதுக்குப் பயிற்சி?"

"நாளைக்கே நாம விமானத்துல போறோம்னு வை. பைலட்டுக்கு மயக்கம் வந்துடுது. யாருக்காவது ஓட்டத் தெரியுமான்னு கேக்கறாங்க. நான் எழுந்திருப்பேன்."

"போன தடவை போனப்ப சீட் பெல்ட்டைக் கழட்டத் தெரியாம பணிப்பெண்ணைக் கூப்பிட்டீங்க. எப்படி எழுந்திருப்பீங்க?"

"அது பயணி பெல்ட். போர் விமானத்து பெல்ட்டே வேற மாதிரி."

வக்கீலம்மா அதற்கு மேல் வாதாடவில்லை. அவள் வாதாடாமல் போனால் வழக்கு முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பல் டாக்டர் இதைப் பதினேழு வருஷமாகக் கவனிக்கத் தவறி வருகிறார்.

அடுத்த வாரம் க்ளினிக்குக்கு ஒருவர் கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு வந்தார். நரைத்த மீசை, வெயிலில் காய்ந்த முகம், அதிகம் பேசாத சுபாவம். தொழில் என்ன என்று கேட்டதற்கு, ஊருக்கு வெளியே சின்ன விமானங்கள் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர் என்றார். எல்லாரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்களாம்.

டாக்டருக்குக் கை பரபரத்தது. கேப்டன் வாயில் இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்தார். எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டினார். பிறகு நாற்பது நிமிஷம் பேசினார். மேகத்துக்குள் ஒளிந்து தாக்குவது எப்படி, சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு பாய்வது எப்படி, ஒரே நேரத்தில் மூன்று பேர் துரத்தினால் என்ன செய்யவேண்டும் என்று முப்பது வருஷம் விமானம் ஓட்டியவருக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னார். கேப்டன் இரண்டு தடவை கையைத் தூக்கினார். வலிக்கிறதாக்கும் என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டார்.

பஞ்சை எடுத்ததும் கேப்டன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"இதுவரைக்கும் எத்தனை தடவை தரையில இறக்கியிருக்கீங்க டாக்டர்?"

"இறக்கறதா? எதுக்கு? சண்டை முடிஞ்சா எஸ்கேப் பட்டனை அமுக்கிட்டு வெளியில வந்துடுவேன்."

கேப்டன் மீசையைத் துடைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை காலையில வாங்க. நாலு பேர் உக்கார்ற விமானம் இருக்கு. வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

டாக்டர் வீட்டுக்குப் போகவில்லை, பறந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"நானும் வரலாமா?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

"தாராளமா வா. பின்னாடி உக்காந்து பாரு. அப்பத்தான் உனக்கு என் அருமை தெரியும். ஒண்ணு சொல்றேன். ஞாயித்துக்கிழமையோட இந்த அறைத் தகராறு தீரட்டும். எனக்கு ஓட்டத் தெரியுதுன்னு கேப்டன் சொல்லிட்டா, அப்புறம் நீ அறையைப் பத்தி மூச்சு விடக்கூடாது."

"வாய்ப் பேச்சா இருந்தா நாளைக்கு மாத்திப் பேசுவீங்க. எழுதிக்கலாம்."

"எழுது. நான் சொல்லச் சொல்ல டைப் பண்ணு."

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். டாக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஹாலில் நடந்தபடி சொன்னார்.

"'இந்த வீட்டில் விமானம் ஓட்டத் தெரிந்தவர் யார் என்று கேப்டன் அவர்கள் தம் வாயால் சொல்கிறாரோ, அவருக்கே மேற்படி அறை நிரந்தரமாகச் சொந்தம். மற்றவர் அதன்பின் எந்த உரிமையும் கோர மாட்டார்.' எப்படி?"

வக்கீலம்மா விரல்களை நிறுத்தினாள். "இவ்வளவு சுத்தி வளைக்கணுமா? 'டாக்டருக்கு ஓட்டத் தெரியும் என்று கேப்டன் சொன்னால் அறை டாக்டருக்கு'ன்னு நேராவே போட்டுடலாமே."

"வேண்டாம். அது ஏதோ பரீட்சை எழுதறவன் மாதிரி இருக்கு. நான் சொன்னதுல ஒரு கம்பீரம் இருக்கு பார்."

"யோசிச்சுக்கோங்க. அப்புறம் நான் சொல்லலைன்னு சொல்லக்கூடாது."

"நீ கோர்ட்டுல பார்க்கற ஆளுங்க மாதிரி என்னை நினைக்காதே. ஒரு எழுத்தும் மாறக்கூடாது."

ஒரு எழுத்தும் மாறவில்லை. இரண்டு பிரதி எடுத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்று டாக்டர் குப்புறப் படுத்துக்கூடத் தூங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தியே தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கறுப்புக் கண்ணாடி, தோல் சட்டை, விரல்கள் வெளியே தெரிகிற கையுறை சகிதம் டாக்டர் விமானத் திடலில் இறங்கினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தோல் சட்டைக்குள் அவர் அப்போதே வெந்துகொண்டிருந்தார். வக்கீலம்மா சாதாரணப் பருத்தி உடையும் தட்டையான காலணியும் போட்டு, கைப்பையோடு வந்திருந்தாள்.

விமானத்தைப் பார்த்ததும் டாக்டருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வெள்ளைப் பெயின்ட் அங்கங்கே உரிந்திருந்தது. சீட் தையல் விட்டிருந்தது. கதவைச் சாத்தினால் பழைய வேன் கதவு மாதிரி 'டப்' என்றது. துப்பாக்கி எதுவும் இல்லை.

கேப்டன் உடனே ஏறவில்லை. விமானத்தை ஒரு சுற்று நடந்து வந்தார். இறக்கையைத் தடவினார். டயரைப் பார்த்தார். ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"எங்க வீட்டு மெஷின்ல இதெல்லாம் கிடையாது. உக்காந்த உடனே சண்டைதான்" என்றார் டாக்டர்.

"நல்லது" என்றார் கேப்டன்.

டாக்டர் இடது சீட்டில், கேப்டன் வலது சீட்டில், வக்கீலம்மா பின்னால். எஞ்சின் கிளம்பியதும் மொத்த விமானமும் சளி பிடித்தவர் மாதிரி உதறியது. ஓடுபாதைக்குப் போகச் சொன்னார் கேப்டன். டாக்டர் ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினார். விமானம் பாட்டுக்கு நேராகப் போனது. இன்னும் திருப்பினார். அது புல்தரையை நோக்கி நிதானமாக நடந்தது.

"தரையில காலால ஓட்டணும் டாக்டர். பெடல்ல."

"தெரியும். சோதிச்சுப் பார்த்தேன்."

கேப்டன்தான் மேலே ஏற்றினார். இரண்டாயிரம் அடி போனதும், "இப்ப உங்ககிட்ட விடறேன்" என்று கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டார்.

முதல் ஒரு நிமிஷம் டாக்டர் ராஜாவாக இருந்தார். கீழே வீடுகள் தீப்பெட்டிகளாகத் தெரிந்தன. அவர் வெளியே பார்க்காமல் எதிரே இருந்த முட்களையும் எண்களையும் முறைத்துக்கொண்டே ஓட்டினார். முள் கொஞ்சம் இறங்கினால் இழுத்தார். ஏறினால் அமுக்கினார். விமானம் தலையாட்டிப் பொம்மை மாதிரி மேலும் கீழும் ஆடியது. கேப்டன் தன் தொப்பியைக் கழற்றி அந்த முட்கள் மேல் கவிழ்த்தார்.

"வெளியில பாருங்க. வானமும் பூமியும் சேர்ற இடத்தைப் பாருங்க."

"எதிரி பின்னாடி வந்தா?"

"பின்னாடி உங்க வீட்டம்மாதான் இருக்காங்க."

சூடான காற்று கீழிருந்து ஒரு குத்து விட்டது. டாக்டரின் வயிறு விமானத்தை விட்டுத் தனியாக ஒரு அடி மேலே போய்த் திரும்பி வந்தது. இந்த வசதி அவருடைய மெஷினில் இல்லை. அங்கே மலையே இடிந்தாலும் கார் சீட் அசையாது. ஆனாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

"கேப்டன், ஒரு திருப்பு காட்டறேன். என்னோட தனிச் சரக்கு."

"காட்டுங்க. நான் பிடிச்சுக்கறேன்."

டாக்டர் ஸ்டியரிங்கைச் சாய்த்து இழுத்தார். இறக்கை செங்குத்தாக நிற்பதுபோல் அவருக்குப் பட்டது. கன்னம் கீழே இழுத்தது. கை செங்கல்லாகக் கனத்தது. தோல் சட்டைக்குள் யாரோ இன்னொரு ஆள் ஏறி உட்கார்ந்துகொண்டார். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க நினைத்தார். கழுத்து மறுத்துவிட்டது.

"இப்ப உங்க எடை ரெண்டு மடங்கு கூட இல்லை" என்றார் கேப்டன் அமைதியாக. "வீட்டுல நீங்க பண்ற சண்டையில ஆறு மடங்கு, ஏழு மடங்கு வரும். என்ன டாக்டர், இடது கையில என்ன தேடறீங்க?"

டாக்டரின் சுண்டுவிரல் எஸ்கேப் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தது.

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கேப்டன் அவசரமாக ஒரு காகிதப் பையை நீட்டினார்.

"பேச வேண்டாம். வாயை நல்லாத் திறந்து வையுங்க. அப்படித்தான். இன்னும் கொஞ்சம் திறங்க."

பை நிறைந்தது. டாக்டர் காலியானார். பின்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு அவர் தோளைத் தடவிக்கொடுத்தது. அந்தக் கையில் ஏளனம் இல்லை, அக்கறைதான் இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லை. நானே இறக்கறேன்" என்றார்.

இறக்கினார். அதாவது, முயன்றார். ஓடுபாதை ரொம்பக் கீழே இருந்தது. மூக்கை அதை நோக்கிக் குத்தினார். ஓடுபாதை திடீரென்று ஆர்வத்தோடு அவரைப் பார்க்க ஓடி வந்தது. பயந்து இழுத்தார். விமானம் மறுபடி மேலே தாவியது. "இப்ப என்கிட்ட விடுங்க" என்று சொல்லி கேப்டன் வாங்கிக்கொண்டார். பூவைத் தட்டில் வைப்பதுபோல் வைத்தார்.

"டாக்டருக்கு மேல ஏறினா இறங்கத் தெரியலை" என்றார், ஓரமாக நிறுத்திவிட்டு.

"அவர் எப்பவுமே இறங்கி வரமாட்டார் சார். பதினேழு வருஷமாப் பார்க்கறேன்" என்றாள் வக்கீலம்மா. பிறகு மெதுவாகக் கேட்டாள். "நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?"

டாக்டருக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. பாவம், ஆசைப்படுகிறாள், பார்க்கட்டுமே என்று பெரிய மனசு பண்ணிப் பின்சீட்டுக்கு மாறினார். இன்னொரு காகிதப் பையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வக்கீலம்மா சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டாள். பெல்ட்டைப் போட்டு ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பெடல்களை அமுக்கி விமானத்தைத் தடத்தின் நடுக்கோட்டிலேயே நடத்திக்கொண்டு போனாள். மேலே ஏறிய பிறகு அவள் எந்த வித்தையும் காட்டவில்லை. வெளியே பார்த்தாள், எப்போதாவது முள்ளைப் பார்த்தாள், மறுபடி வெளியே பார்த்தாள். விமானம் பஸ் மாதிரி போனது. பின்னால் டாக்டருக்குப் பை தேவைப்படவில்லை.

"இறங்கும்போது வேகம் அறுபத்தஞ்சுல வச்சுக்கட்டுமா சார்?"

கேப்டன் அவளைத் திரும்பிப் பார்த்தார். "வையுங்க."

ஓடுபாதை நெருங்கியது. கேப்டன் கைகள் ஸ்டியரிங்குக்கு ஓர் அங்குலம் தள்ளி, எந்த நிமிஷமும் பிடிக்கத் தயாராக நின்றன. கடைசியில் சுண்டுவிரலால் லேசாக ஒரு உதவி செய்தார். சக்கரம் தரையைத் தொட்டு, ஒரு துள்ளு துள்ளி, உருண்டது.

எஞ்சின் நின்றதும் கேப்டன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கேட்டார்.

"எங்க கத்துக்கிட்டீங்க மேடம்?"

"வீட்டுலதான் சார். இவரோட மெஷின்ல."

"என் மெஷின்லயா?" டாக்டர் பின்சீட்டிலிருந்து எழ முயன்று கூரையில் தலையை இடித்துக்கொண்டார். "எப்ப?"

"கோர்ட் முடிஞ்சு நாலரைக்கு வந்துடறேன். நீங்க க்ளினிக்லேர்ந்து வர ஆறரை ஆகும். அந்த ரெண்டு மணி நேரத்துல. கட்சிக்காரங்க வர்றது ஏழு மணிக்கு மேலதானே. அஞ்சு மாசமாச்சு. என்கிட்ட இல்லாதது அந்த மெஷின்ல என்னதான் இருக்குன்னு பார்க்கத்தான் முதல்ல உக்காந்தேன். எதிர்த்தரப்பைப் படிக்காம எப்படி வாதாடறது? உள்ள பாடம் ஒண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் ஒழுங்கா வச்சிருக்காங்க. சின்னப் பயிற்சி விமானம் ஒண்ணு இருக்கு. சண்டை கிடையாது. ஏத்தறது, இறக்கறது. அவ்வளவுதான். நீங்க அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை."

"எத்தனை தடவை இறக்கினே?"

"எண்ணலை. அதுக்கெல்லாம் பலகை வைக்கலை."

கேப்டன் தலையாட்டினார். "மெஷின்ல காத்து அடிக்காது, வயிறு புரட்டாது. ஆனா எதை எப்பப் பார்க்கணும்னு பழகிக்கலாம். மேடம் பழகிட்டாங்க. டாக்டர் சுட்டுப் பழகிட்டார்." பிறகு தன் கடைவாயை நாக்கால் தடவிக்கொண்டு சொன்னார். "தப்பா நினைக்காதீங்க டாக்டர். உங்க வீட்டுல விமானம் ஓட்டத் தெரிஞ்சவர்னா, அது மேடம்தான்."

வக்கீலம்மா கைப்பையைத் திறந்து இரண்டாவது பிரதியை எடுத்தாள். விரித்துக்கூடக் காட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"நாம என்னைப் பத்தித்தானே பேசினோம்" என்றார் டாக்டர்.

"பேசினது வேற. எழுதினது வேற. நேரா உங்க பேரையே போட்டுடலாம்னு நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"யோசிச்சுக்கோங்கன்னு சொன்னேனா?"

"சொன்னே."

"மேற்கொண்டு கேள்வி இல்லை" என்றாள் வக்கீலம்மா.

திங்கட்கிழமை அறை கைமாறியது. டாக்டரே முன்னின்று காலி செய்தார். ஜன்னலோரம் ஒரு மேஜை வந்தது, எதிரே இரண்டு மெத்தை நாற்காலி வந்தது. வருகிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக அழுதார்கள். குறட்டைக்காரரின் மனைவி திரும்பி வந்து, பேசிப் பார்த்துவிட்டு, மனு வேண்டாம் என்று சிரித்த முகத்தோடு போனாள். வக்கீலம்மாவுக்கு அதில்தான் சந்தோஷம்.

மெஷினை அவள் தூக்கிப் போடவில்லை. மூலையில் வைத்துத் துணி போர்த்தியிருக்கிறாள். தினம் நாலரை மணிக்குத் துணி எடுபடும். கேப்டனின் பள்ளியில் அவள் பெயரைப் பதிந்துவிட்டாள். டாக்டருக்கும் மெஷினில் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் உண்டு. நிபந்தனை ஒன்றுதான். அந்தப் பயிற்சி விமானத்தை முதலில் ஒரு தடவை உடையாமல் தரையில் இறக்கிக் காட்டவேண்டும். காட்டினால் மிச்ச நேரமெல்லாம் சண்டைக்குப் போகலாம்.

நாலு மாசம் கழித்து, கீழ்வீட்டுக்காரர் படிக்கட்டில் டாக்டரை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்ன சார், முன்னெல்லாம் உங்க வீட்டுல சாயங்காலமானா ஒரே சண்டைச் சத்தமா இருக்கும். இப்ப ஒண்ணையும் காணோமே?"

"எனக்கு இன்னும் அனுமதி கிடைக்கலை சார்" என்றார் பல் டாக்டர்.